கொண்டையன் வெட்டிய குழி

சித்திரை வெயிலில் காட்டாறு காய்ந்து வெறும் மணலாகக் கிடந்தது. அதன் கரையில் கொண்டையன் என்ற குரங்கு, மூக்காயி என்ற காட்டுப்பன்றி, ஒரு முயல், புதிதாகக் குட்டி போட்ட ஒரு புள்ளிமான், இன்னும் சில சிறு பிராணிகள் எல்லாம் வசித்து வந்தன.

கோடைக்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூக்காயி தன் மூக்கால் மணலைக் கிளறி ஊற்றுத் தோண்டுவாள். அவள் தள்ளும் மணலை மற்றவர்கள் காலால் ஒதுக்குவார்கள். தண்ணீர் கண்டதும் சின்னவர்கள் முதலில் குடிக்க வேண்டும், பெரியவர்கள் பிறகு. மூக்காயிதான் கடைசி. ஏனென்றால் குடித்த கையோடு அதிலேயே விழுந்து புரண்டு சேறாக்கிவிடுவாள். அந்தக் குணத்தை அவளால் விட முடியவில்லை. விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இந்த வருஷம் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டு நாள் தோண்டியும் ஈர மணல்தான் வந்தது. தாய்மானுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் நிழலில் படுத்தே கிடந்தது.

"அக்கா, இன்னும் ஒரு நாள் தாங்குமா இது?" என்று தாய்மான் கலங்கிப்போய்க் கேட்டது.

"தோண்டிக்கிட்டுத்தானே இருக்கேன் தாயி!" என்றாள் மூக்காயி. அவள் மூக்கு தோலுரிந்து சிவந்திருந்தது.

அப்போது கொண்டையன் தோளில் எதையோ சுமந்துகொண்டு வந்தான். குரங்கு கையில் பூமாலை என்று சொல்வார்கள். இந்தக் குரங்கு கையில் கிடைத்ததோ மண்வெட்டி! காட்டில் பாதை போட வந்த ஆட்கள் மறந்து விட்டுப் போனது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! மூக்கால கிண்டுற காலம் போச்சு!" என்றான்.

முதல் வெட்டு தன் கால் விரல் மேலேயே விழுந்தது. "ஐயோ!" என்று குதித்தான். ஆனால் கெட்டிக்காரன், சீக்கிரமே பழகிவிட்டான். மூக்காயியின் பள்ளத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் நேர் கீழாக வெட்டினான். வெட்டிய மணலைக் குழியின் வாயோரமே குவித்தான். உச்சிப் பொழுதுக்குள் தண்ணீர் வந்துவிட்டது!

எல்லாரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். கீழே தண்ணீர் பளபளத்தது. ஆனால் குழியின் பக்கங்கள் சுவர் போலச் செங்குத்தாக நின்றன.

"எப்படிப்பா இறங்குறது?" என்று கேட்டது தாய்மான்.

"என்னை மாதிரி கையால புடிச்சு இறங்கு!"

"எனக்கு ஏதுப்பா கை?"

கொண்டையன் தலையைச் சொறிந்தான். இதை அவன் யோசிக்கவே இல்லை. "சரி, நானே மொண்டு தரேன். வரிசையில நில்லுங்க!" என்றான்.

தேக்கிலையைக் குவித்து மொண்டான். மேலே ஏறுவதற்குள் பாதி சிந்திவிட்டது.

"கொண்டையா, நீதான் இந்தக் காட்டுக்கே ராசா!" என்றது முயல். முதல் இலை முயலுக்குப் போனது. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? அடுத்த இலைகளும் புகழ்ந்தவர்களுக்கே போயின. புகழத் தெரியாத தாய்மான் வரிசையின் கடைசியில் நின்றது. குட்டியின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது நாலு சொட்டு.

"இன்னும் ஆழமா வெட்டினா நிறைய ஊறும்!" என்று மண்வெட்டியோடு மறுபடி உள்ளே குதித்தான் கொண்டையன். இரண்டு வெட்டுதான் வெட்டினான். வாயோரம் குவித்த மணல் பாரம் தாங்காமல் சுவரோடு சரிந்தது. கழுத்து வரை புதைந்துபோனான்!

"காப்பாத்துங்க! மூச்சு முட்டுது!"

முயல் விளிம்புக்கு ஓடியது. "யாரும் கிட்டப் போகாதீங்க! ஓரத்துல நின்னா இன்னும் சரியும்!" என்று மூக்காயி கத்தினாள்.

அவள் பத்தடி தள்ளிப் போனாள். அங்கிருந்து குழியை நோக்கிச் சரிவாகத் தோண்டத் தொடங்கினாள். முயல் மணலை ஒதுக்கியது. தாய்மானும் குட்டியை நிழலில் விட்டுவிட்டு வந்து குளம்பால் வாரித் தள்ளியது. குட்டிக்கு நாலே நாலு சொட்டு கொடுத்தவன் என்ற கோபம் அதற்கு இல்லாமல் இல்லை. அதற்காக உயிரோடு புதைய விடலாமா?

"பயப்படாதேடா! பேசிக்கிட்டே இரு!" என்று சொல்லிக்கொண்டே முன்னேறினாள் மூக்காயி.

வெயில் சாயும் நேரத்தில் அவள் மூக்கு கொண்டையனின் தோளைத் தொட்டது. அவனை இழுத்து வெளியே போட்டார்கள். பின்னாலேயே மண்வெட்டியும் வந்தது. அவன் இருந்த இடத்தில் தண்ணீர் குபுகுபுவென்று ஊறி, சரிவின் அடியில் குளம் கட்டி நின்றது.

தாய்மான் குட்டியை மூக்கால் முட்டி எழுப்பியது. குட்டி தள்ளாடித் தள்ளாடிச் சரிவில் இறங்கியது. யாரும் மொண்டு தரவில்லை. தன் காலால் நடந்து போய், தன் வாயாலேயே வயிறு முட்டக் குடித்தது! அதைப் பார்த்த எல்லாருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது.

தொண்டை வறண்டு கிடந்த கொண்டையனும் தண்ணீரைப் பார்த்துப் பாய்ந்தான்.

"நில்லுடா! முதல்ல சின்னவங்க!" என்றாள் மூக்காயி. அவன் திரும்பி வந்து வரிசையில் நின்றான். அவனை ராசா என்று புகழ்ந்த முயலுக்குப் பின்னால் நின்றான் என்பதுதான் வேடிக்கை.

மறு வாரம் அந்த ஊற்றும் வற்றியது. கொண்டையன் மண்வெட்டியை எடுத்து வந்தான். ஆனால் உடனே வெட்டவில்லை. மான்குட்டியின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"என்ன மாமா?" என்றது குட்டி.

"காலை நீட்டு. உன்னால எவ்வளவு சரிவுல இறங்க முடியும்னு பார்த்துட்டுத்தான் வெட்டப் போறேன்!"

மூக்காயி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். அவன் வெட்ட, அவள் பக்கத்தைச் சரிவாக்க, மற்றவர்கள் மணலை ஒதுக்க, பொழுது ஏறுமுன் எல்லாரும் குடித்து முடித்தார்கள். கடைசியில் மூக்காயி அதில் விழுந்து புரண்டாள்.

கருவி ஒருவன் கையில் இருக்கலாம். அதனால் வரும் பலன் எல்லாருடைய காலுக்கும் எட்ட வேண்டும்.