வளையல் யாருக்குப் பாடியது?

ஒரு வளைகாப்பு வீட்டில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று இருந்தது. வாய்த்துடுக்கு அதிகம். "நான் குலுங்கினால் கருவில் இருக்கும் பிள்ளை காது கொடுக்கும். பிள்ளையில்லாத வயிற்றுக்குப் பாட எனக்கென்ன பைத்தியமா?" என்று தாம்பாளத்தில் கிடந்தபடியே பீற்றிக்கொண்டது.

கர்ப்பிணிக்குக் கை நிறைய அடுக்கிய பிறகு, மிச்ச வளையல்கள் வந்திருந்த பெண்களுக்குப் போயின. பச்சை வளையல் கர்ப்பிணியின் அண்ணி பூங்கோதையின் கைக்கு வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. "அடுத்தது உனக்குத்தான்டி" என்றாள் வளையல் போட்டுவிட்ட பெரியம்மா. போன வளைகாப்பிலும் இதையேதான் சொன்னாள்.

பூங்கோதை சிரித்துவைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து ஒரு சின்ன ஃபிளாஸ்க் வெளியே வந்தது. உள்ளே ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஓர் ஊசி மருந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"நீ யார்?" என்றது வளையல்.

"கருமுட்டையை வளர்க்கிற மருந்து. தினமும் இதே நேரத்துக்கு எங்களில் ஒருவர் உள்ளே போகவேண்டும்."

"போனால் பிள்ளை வந்துவிடுமா?"

"சத்தியம் பண்ணமாட்டேன். போன தடவை என் அண்ணன்மார் எல்லாரும் போய்க் கரைந்தார்கள். பிள்ளை வரவில்லை."

"பிறகு நீ எதற்குப் போகிறாய்?"

"அவளே இன்னும் விடவில்லை. நான் எப்படி விடுவது?"



வெளியே பெரியம்மாவின் குரல் கேட்டது. "இந்தப் பூங்கோதை எங்கடி போனா? எல போடணுமே!"

பூங்கோதை அவசரமாக ஊசியை எடுத்தாள். விஷயம் தெரிந்தால் பந்தியில் சாம்பாரோடு இவளையும் சேர்த்துப் பரிமாறிவிடுவார்கள். கலகலத்தால் பெரியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள் என்று வளையலுக்குப் புரிந்தது. சத்தம் போடவென்றே பிறந்த அது, மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டது.

பூங்கோதை சேலையை விலக்கி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு தானே ஊசியைக் குத்திக்கொண்டாள். மருந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. போகும்போது அது ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேர் மேலும் வளையலுக்கு மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது.

கூடத்துக்குத் திரும்பியவள் ஒரு நிமிஷம் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். பச்சை வளையல் மெல்லக் குலுங்கியது.

கர்ப்பிணியின் கையிலிருந்த வளையல்கள் சிரித்தன. "அங்கேதான் பிள்ளையே இல்லையே. யாருக்குடி பாடுகிறாய்?"

"உள்ளே ஒருத்தர் தனியாக வேலைக்குப் போயிருக்கிறார்" என்றது பச்சை வளையல். "அவருக்குத் துணையாக இருக்கட்டும்."