முப்பத்தெட்டாவது பொடி

பௌர்ணமி அன்று காலை ஏழரை மணிக்கே தமயந்தி மடத்துக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அரைக் கிலோ சாம்பார்ப் பொடி, ஒரு நோட்டு, நான்காக மடித்த ஒரு கடிதம். பொடிப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய தாளில் 37 என்று எழுதியிருந்தது.

மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை அடிவாரத்தில் ஒரு ஜீவசமாதி, முன்னால் ஓடு வேய்ந்த கூடம், பின்னால் சமையல்கட்டு. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் சாமிக்கு நாற்பது வயது இன்னும் நிரம்பவில்லை. முன்பு லாரி ஓட்டியவர். காவி கட்டிய பிறகும், வாசலில் யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால் அவர் கை தானாக எழுந்து வா, வா என்று அசையும். தமயந்தி அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரைச் சாமி என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மசாலாக் கம்பெனியில் அவள் வறுவல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷம். மல்லி எந்த நொடியில் அடுப்பிலிருந்து இறங்க வேண்டும் என்று அவள் மூக்குக்குத் தெரியும். ஆனாலும் அவள் இறக்கச் சொன்ன சரக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போய், மேலாளர் மேஜைக்குப் போய், மூன்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் நல்ல சரக்கு என்று பெயர் எடுக்கும். இதற்காக அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் குழாயடியில் கைகழுவும்போது மட்டும், வருத்தம் என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகும்.

மூன்று வருஷமாக அவள் தன் சொந்தப் பொடி ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா மகனின் பழைய மாவு மில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொள் என்று சாவியே கொடுத்துவிட்டார். பொடி சரியாக வந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குவதாகத் திட்டம். பொடிதான் சரியாக வரவில்லை. பக்கத்து வீட்டு ஆசிரியை காரம் நாக்கைப் பிடுங்குகிறது என்றாள். குறைத்தாள். மாமனார் இது என்ன பத்தியச் சாப்பாடா என்றார். கூட்டினாள். நாத்தனார் வெந்தயம் தூக்கல் என்றாள், அவள் வீட்டுக்காரர் வெந்தயம் போட மறந்துவிட்டாயா என்றார். ஒவ்வொரு தடவையும் அளவை மாற்றி, புது எண் போட்டு, மறுபடி ஊருக்கெல்லாம் பொட்டலம் கொடுத்தாள். முப்பத்தேழு ஆகிவிட்டது. கணவன் சென்னியப்பன் எல்லா எண்ணையும் ஒரே மாதிரி ரசித்துச் சாப்பிட்டதால் அவன் கருத்தை அவள் நோட்டில் ஏற்றுவதையே விட்டுவிட்டாள்.

சாமிக்கும் மாதாமாதம் ஒரு பொட்டலம் வரும். அவர் சொன்னது எப்போதும் ஒன்றுதான். நல்லா இருக்குங்க அக்கா.

இன்று சனிக்கிழமை. தமயந்தி கடிதத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். ஓசூரில் புதுத் தொழிற்சாலை. அங்கே வறுவல் பிரிவுக்கு அவள்தான் தலைமை. ஐந்து வருஷம் விலகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். போட்டுவிட்டாலோ ஐந்து வருஷம் கழித்து அவளுக்கு ஐம்பத்தி மூன்று வயது. மாவு மில்லும் சும்மா காத்துக் கிடக்காது.

சாமி நிதானமாகப் படித்தார்.

"ஓசூரு நல்ல ஊரு. வெயிலே தெரியாது."

"அதைக் கேக்கலீங்க சாமி. வேலையை விடட்டுமா, வேண்டாமா?"

"எத்தனை பேரைக் கேட்டீங்க?"

அவள் யோசித்தாள். ஜோசியரைச் சேர்த்து பதினாலு பேர் என்றாள்.

"பொடிக்கு இருக்கற மாதிரி இதுக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கீங்களா?"

போட்டிருந்தாள்.

சாமி கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். மடத்துச் சமையல்காரர் மகளுக்குப் பிரசவம் என்று உடுமலைக்குப் போய்விட்டாராம். மத்தியானப் பந்திக்கு முந்நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். சோறு, பொரியல், மோரை எல்லாம் மடத்தில் உதவிக்கு இருக்கும் ஆறுச்சாமி பார்த்துக்கொள்வார். சாம்பாருக்குத்தான் ஆள் இல்லை.

"நீங்க வெச்சுடுங்க அக்கா."

தமயந்திக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. முந்நூறு நாக்கு ஒரே இடத்தில் கிடைப்பது எந்தக் கம்பெனிக்கும் வாய்க்காது. ஒருவர் விடாமல் கேட்டு எழுதிக்கொண்டால் முப்பத்தேழின் விஷயம் இன்றோடு தீர்ந்துபோகும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு விஷயமுங்க," என்றார் சாமி. "சமாதிக்குப் படைக்கற வரைக்கும் இங்க சமைக்கறவங்க நாக்குல வெச்சுப் பாக்கறதில்லை."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட."

"மோந்தாவது பாக்கலாமுங்களா?"

"மூச்சை அடக்கிட்டு யாராலதான் சமைக்க முடியும்? வாசம் தானா வந்தா அது உங்க மேல தப்பில்லை."

தன்னால் முடியாது, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். வேறு ஆள் இருந்தால் உங்களை ஏன் கேட்கப் போகிறேன் என்று சாமி கூடத்தைப் பெருக்கப் போய்விட்டார்.

ஆறுச்சாமி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சமையல்கட்டில் பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்தொம்பது வருசம் சம்பளம் வாங்குன நாக்கு. இன்னிக்கு அதுக்கு லீவுங்களா அம்மிணி?"

அரைக் கிலோ பொடி முந்நூறு பேருக்கு எந்த மூலைக்கு? புதிதாகத்தான் வறுக்க வேண்டும். தமயந்தி தராசு கேட்டாள். அது மளிகைக்கடையில் இருக்கும் என்றார் ஆறுச்சாமி. சமையல்கட்டில் இருந்தது ஒரு பழைய படியும் ஒரு தகர டம்ளரும்தான். அவள் நோட்டைப் பிரித்தாள். முப்பத்தேழாவது பொடி கிராம் கணக்கில் எழுதப்பட்டிருந்தது, வெந்தயத்துக்குப் புள்ளி வைத்துப் பின்னம் வேறு. கொஞ்ச நேரம் படியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி ஜன்னலில் வைத்துவிட்டு, மல்லி மூட்டைக்குள் கையை விட்டாள்.

வாணலி காய்ந்தது. கடலைப்பருப்பு சிவந்து வாசம் விட்டது, துவரம்பருப்பு பின்னாலேயே வந்தது. மிளகாய் மினுங்கியபோது ஆறுச்சாமி ஒன்பது தும்மல் தும்மினார். ஒவ்வொன்றுக்கும் அவள் மன்னிப்புக் கேட்டாள். மிளகு வெடித்தது. கறிவேப்பிலை மொறுமொறுவென்று சுருண்டது. கடைசியில் மல்லி. ஆய்வுக்கூடமும் மேஜையும் இல்லாத இடத்தில், அடுப்புச் சூடு முகத்தில் அடிக்க, அவள் துடுப்பைப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கணத்தில் மல்லியின் பச்சை வாடை விலகி, மழை நின்ற மண்ணைப் போல ஒரு மணம் எழுந்தது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாணலியை இறக்கிவிட்டாள்.

அப்போதே கூடத்தில் இருந்தவர்களில் நாலைந்து பேர், தண்ணீர் குடிக்க வந்தோம் என்று சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வறுத்ததை உரலில் இடித்துப் பொடியாக்கி, பருப்பு கடைந்து, புளி கரைத்து, பூசணியும் முருங்கையும் வெந்து, பொடி இறங்கி, டின்னில் இருந்த கல் உப்பைக் கை கையாக அள்ளிப் போட்டு, பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்தது. பழக்கதோஷம், கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்து, கை வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆறுச்சாமி கண்டக்டர் விசிலைப் போல ஒரு கீச்சுக் குரல் கொடுத்தார். அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

படையல் முடிந்து மணி அடித்தது. முதல் பந்தியை ஆறுச்சாமிதான் ஏற்றினார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்க, தூணைப் புடிச்சுட்டு நிக்காதீங்க" என்று அவர் சத்தம் போட்டதில் ஒரு ஆள் டிக்கெட்டுக்குப் பையில் கைவிட்டுப் பார்த்தார்.

தமயந்தி ஒரு கையில் சாம்பார் வாளியோடும் இடுப்பில் நோட்டோடும் வந்தாள். முதல் இலையில் ஒரு துண்டு போட்ட பெரியவர். எப்படி இருக்குதுங்க என்று கேட்டாள். வாய் நிறையச் சோறு வைத்திருந்த அவர் விரலால் தன் இலையைக் காட்டினார். ஊற்றினாள். அடுத்தவரிடம் காரம் சரியா என்று கேட்டாள். அவரும் இலையைக் காட்டினார். மூன்றாவது ஆள் அவள் கேட்கும் முன்பே காட்டிவிட்டார். வாளி காலியானது. நிரப்பிக்கொண்டு ஓடினாள், மறுபடி காலியானது. இரண்டாம் பந்தியில் நோட்டு எங்கேயோ நழுவி விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. ஒருவர் டம்ளரை நீட்டி, சாம்பாரைக் குடிக்கத் தர முடியுமா என்று கேட்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி வெட்கப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு தன் டம்ளரையும் நீட்டினாள்.

மூன்றாம் பந்தியில் பூக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட ஒரு பெண் அவள் புடவையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது கடைப் பொடி இல்லியே. எங்கீங்க வாங்குனீங்க?"

"நாந்தானுங்க வறுத்தேன்."

சொன்ன பிறகு தமயந்தி ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். அந்த வாக்கியம் யாரோ சொன்னது போல அவள் காதில் விழுந்தது.

எல்லோரும் போன பிறகு மூன்று இலை போட்டார்கள். ஒரு வரிசையில் சாமியும் தமயந்தியும் உட்கார்ந்தார்கள், ஆறுச்சாமி பரிமாறிவிட்டு உட்காருவதாகச் சொன்னார். அண்டாவைச் சாய்த்து வழித்ததில் ஆளுக்கு ஒரு கரண்டி தேறியது. தமயந்தி ஆசையோடு பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

அவள் முகம் மாறியது.

இன்னொரு கவளம் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. கல் உப்பு. வீட்டில் அவள் கை பழகியது தூள் உப்புக்கு. தூளை அள்ளுகிற அதே கையால் கல்லை அள்ளிப் போட்டிருக்கிறாள். கல்லுக்குக் கல் இடைவெளி, கை நிறைந்தாலும் உப்பு குறைவு. கம்பெனியில் உப்பு அவள் பிரிவே அல்ல.

"சாமி, உப்பு கம்மிங்க."

"ஆமாங்க," என்றார் சாமி, சாப்பிட்டுக்கொண்டே.

"நல்லாவே கம்மிங்க. முந்நூறு பேரு, ஒருத்தர் கூட வாயைத் தொறந்து சொல்லலை. பாவம்னு விட்டுட்டாங்க." இடது கையால் பையிலிருந்து கடிதத்தை எடுத்து இலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். "கை கழுவுனதும் கையெழுத்துப் போட்டுடறேன். ஓசூருக்கே போயிடறேனுங்க. உப்பைக் கோட்டை விட்டவ எங்கிருந்து தொழில் நடத்தறது?"

சாமி கடிதத்தைப் பார்க்கவில்லை. அவள் இலையின் இடது மூலையைப் பார்த்தார். அங்கே சுண்டுவிரல் நுனியளவு வெள்ளையாக ஒன்று இருந்தது.

"அது என்னங்க அக்கா?"

"உப்பு."

"எல்லா இலையிலயும் மொதல்ல அதைத்தான் வெக்கறோம். சாம்பார் வர்றதுக்கு முன்னாடியே."

தமயந்தி கூடத்தைப் பார்த்தாள். இன்னும் எடுக்காமல் கிடந்த கடைசிப் பந்தி இலைகளில் உப்பு வைத்த மூலை துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

ஆறுச்சாமி மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டி ததும்பியது.

"அந்தக் காயிதத்தை எடுங்க அம்மிணி, நனைஞ்சுபோகும்."

தமயந்தி எடுக்கவில்லை. மூலையில் இருந்த உப்பைத் தொட்டுச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.