மேனேஜர் வெளியே வரும் வரைக்கும்

"மேனேஜர் வெளிய வந்து நம்மகிட்டப் பேசற வரைக்கும் அந்த வாசலை ஒரு ஈ காக்கா தாண்டக் கூடாது. அப்படி அவரு வந்துட்டார்னா..."

விவசாய சங்கத்துப் பெரியவர் சந்தைமேட்டில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் மைக் நின்றுவிட்டது. மிச்சத்தை அவர் சொன்னாரா, சொல்லி யாராவது கேட்டார்களா என்பது கீரிக்காட்டூர்க்காரர்களுக்கு இன்றுவரை நினைவில்லை. முன்பாதியே போதும் என்று கிளம்பிவிட்டார்கள்.

விஷயம் நியாயமானதுதான். பஞ்சு மில் முதலாளி கட்டாத கோடிகளைத் தள்ளுபடி செய்த பேங்க், அவருக்கு டீயும் வரவழைத்துக் கொடுத்தது. கீரிக்காட்டூர்க் குப்பணன் வேன் கடனில் தவணை தவறியதற்கு, வேனை இழுத்துப் போய்ப் பேங்குக்குப் பின்பக்கம் நிறுத்திப் பூட்டிவிட்டது. அவன் காட்டிலோ தக்காளி பழுத்துக் கிடந்தது. மறுநாள் சந்தைக்கு ஏற்றாவிட்டால் அத்தனையும் அழுகிவிடும்.

காலையில் போய் உட்கார்ந்தார்கள். பேங்குக்கு ஒரே வாசல், அதுவும் குறுகல். நாலு பேர் உட்கார்ந்ததும் அடைத்துக்கொண்டது.

மனசில் இருப்பதை அட்டையில் எழுதிப் பிடிக்க வேண்டும் என்றும் பெரியவர் சொல்லியிருந்தார். வேலாத்தாளின் அட்டையில், 'மாட்டுக்குத் தண்ணி காட்டலை' என்று இருந்தது. அவள் புருஷன் மாரப்பன், 'அடுப்பை அணைச்சமா?' என்று எழுதியிருந்தான். குப்பணன், 'தக்காளி'. தலைமை தாங்கிய செங்கோடன் அட்டை வெறுமையாக இருந்தது. பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஈ அவர்கள் தலைக்கு மேலாக உள்ளே போனது.

"போயிருச்சே" என்றான் மாரப்பன்.

"தலைவர்னு நான் எதுக்கு இருக்கேன்" என்று செங்கோடன் எழுந்து, அவர்களைத் தாண்டி உள்ளே போய், நெடுநேரம் துரத்தி ஈயைக் கையில் பிடித்தார். திரும்பி வந்தபோது வேலாத்தாள் நகரவில்லை.

"அண்ணா, நீங்க இப்போ உள்ள இருக்கற ஆளு. எப்படி வெளிய விடறது?"

செங்கோடனுக்கும் அது சரியாகப் பட்டது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். பியூன் டீ கொடுத்தார்.

அதைப் பார்த்த மாரப்பனுக்கு வயிறு எரிந்தது. "உள்ளவனுக்கு ஃபேனு, வெளிய இருக்கறவனுக்கு வெயிலா?" என்று கோஷம் போட்டான். அன்று எழுந்ததிலேயே உருப்படியான கோஷம் அதுதான். செங்கோடனும் டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளேயிருந்து கூடவே கத்தினார்.

மதியவாக்கில் மேனேஜர் வாசலுக்கு வந்தார்.

"குப்பணன், மேலிடத்துல இருந்து போன் வந்துருச்சு. உங்க போராட்டத்தைக் கேட்டு அரண்டு போயிட்டாங்க. வேனைக் கொடுத்துடச் சொல்லிட்டாங்க. இந்தாங்க சாவி."

குப்பணன் கை தானாக நீண்டது. வேலாத்தாள் அதில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஈயே தாண்டக் கூடாதுங்கறப்போ சாவி தாண்டலாமாடா? முதல்ல அவரு வெளிய வந்து பேசட்டும்."

"சரிம்மா, வழி விடுங்க, வர்றேன்."

"நீங்க வந்து பேசுனப்புறம்தானுங்க வழி விடோணும்."

"வழி விட்டாத்தானே நான் வர முடியும்?"

மாரப்பன் நன்றாக யோசித்தான். "அவரு சொல்றதும் ஞாயம்தான். ஆனா நம்ம ஞாயம் காலையிலயே வந்து உக்காந்திருக்குதே."

"அக்கா, தக்காளி..." என்றான் குப்பணன்.

"தக்காளி உன்னோடது. போராட்டம் ஊரோடது."

"பெரியவரு மிச்சம் என்னமோ சொல்ல வந்தாரே, அது என்னவா இருக்கும்?" என்று கேட்டான் குப்பணன்.

"மேனேஜர் வந்துட்டார்னா எந்திரிச்சு வழி விடுங்கன்னு இருக்கும்" என்றார் செங்கோடன் உள்ளேயிருந்து.

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"அவருதான் இன்னும் வரலையே" என்றாள் வேலாத்தாள்.

மேனேஜர் சாவியோடு போய்ச் செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்தார். பியூன் இருவருக்கும் டீ கொண்டுவந்தார்.

குப்பணன் வெயிலைப் பார்த்தான். காட்டில் பழம் வெதும்பிக்கொண்டிருக்கும். எழுந்து, தன் அட்டையை மாரப்பனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

போராட்டம் ஜெயிக்கிறவரை தக்காளி ஏற்ற இன்னொரு வேன் வாங்குவதென்றும், அதற்கு இதே பேங்கின் பக்கத்து ஊர்க் கிளையில் கடன் கேட்பதென்றும் அவன் முடிவு செய்திருந்தான்.