பின்னறையில் குடியிருந்த இறால்

ஒரு கடற்கரையில் சங்கு நண்டுகள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. சங்கு நண்டுக்கு வீராப்பெல்லாம் முன்பக்கம்தான். கொடுக்கை ஆட்டும், கண்ணை உருட்டும். பின்பக்கமோ உரித்த வாழைப்பழம் மாதிரி மெத்தென்று இருக்கும். அதனால் நத்தை விட்டுப்போன காலிச் சங்கு ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்பக்கத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டு, அதையே சட்டையாகவும் வீடாகவும் இழுத்துக்கொண்டு திரியும். சங்கில்லாத நண்டைக் கண்டால் காகம் ஒரே கொத்தில் விழுங்கிவிடும். ஆகவே அந்தக் கரையில் உடுப்பு என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

அங்கே சிப்பிக்கண்ணு என்று ஓர் அம்மா நண்டு இருந்தது. அதன் மகள் பெயர் அலைமொழி. சமீபகாலம் வரை அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டு கிடந்த குட்டிதான். இப்போது வாயைத் திறந்தால் எதிர்ப்பேச்சு, மூடினால் உர்ரென்ற முகம் என்கிற வயது. பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

சிப்பிக்கண்ணுவுக்கு ஒரு கொள்கை உண்டு. மகளுக்கு எதை எடுத்தாலும் ரெண்டு சுற்று பெரிதாகத்தான் எடுக்கும்.

"அம்மா, இது லொடலொடன்னு ஆடுது!" என்று அலைமொழி கத்தும்.

"வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் எடுக்கணும்! சட்டுன்னு நிறைஞ்சிடும் பாரு."

"தாரகை போட்டிருக்கிற மாதிரி வரி போட்ட ஊசிச்சங்கு வேணும்மா. உடம்போட ஒட்டி அழகா இருக்கும்."

"அதெல்லாம் வேணாம். தண்ணியில நனைஞ்சா சுருங்கிடும்!"

"அம்மா! நாம கடல்ல இருக்கோம்!"

"எதிர்த்துப் பேசாதே!" என்று சிப்பிக்கண்ணு பேச்சை முடித்துவிடும். பதில் இல்லாதபோது அம்மாக்களுக்குக் கைகொடுக்கும் வாக்கியம் அது ஒன்றுதான்.

இப்படியாக அலைமொழி ஒரு மாபெரும் சங்கை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின் அடியில்தான் நண்டுகளுக்குப் பள்ளிக்கூடம். போகிற வழியெல்லாம் சங்கு மணலில் கோடு கிழித்தது. "மாடி வாடகைக்கு விடுறீங்களா?" என்று பையன்கள் கேட்டார்கள். அலைமொழி அழமாட்டாமல் சிரித்துவைத்தது.

மாடி வாடகைக்கு விடப்படவில்லை. ஆனால் ஒருநாள் யாரோ குடியேறிவிட்டார்கள்.

அலைமொழி அசந்து உட்கார்ந்திருந்தபோது சங்கின் கடைசிச் சுருளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. காத்து வரல!"

ஒரு குட்டி இறால்! பெயர் சுருளாண்டி. அலை அடித்த வேகத்தில் உள்ளே வந்ததாம். இடம் தாராளமாக இருந்ததால் தங்கிவிட்டதாம்.

"வெளியே போடா!" என்றது அலைமொழி.

"போறேங்க்கா. பசிக்குது. சாப்பிட்டுட்டுப் போறேன். அந்த டப்பாவில என்ன?"

டப்பாவில் பாசித் துவையல் இருந்தது. சிப்பிக்கண்ணு விடியலில் எழுந்து, பாறை பாறையாக ஏறி, இளம் பாசியாகப் பார்த்துக் கிள்ளி, அரைத்து, சிப்பி டப்பாவில் அமுக்கி அமுக்கி வைத்துக் கொடுப்பது. அலைமொழிக்கு அது ஆகவே ஆகாது. கரைக்கு வரும் மனிதர்கள் சிந்துகிற மிளகாய் பஜ்ஜித் துணுக்கும் முறுக்குத் தூளும்தான் அதற்கு உயிர். அதுவும் கிடைக்கிற நாளில் கிடைக்கும். கிடைக்காத நாளில் பட்டினி.

அலைமொழி யோசித்தது. பாசியை மீதி வைத்துக்கொண்டு போனால் அம்மா அழும். கொட்டினால் பாவம். இறாலுக்குக் கொடுத்தால்?

"இந்தா, பூராத்தையும் தின்னு!" என்றது.

இறால் தின்றது. அதற்கப்புறம் வெளியே போகிற பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் டப்பாவுக்குக் காத்திருந்தது. "அக்கா, நேத்து உப்பு கொஞ்சம் கம்மி. அம்மாகிட்ட சொல்லுங்க!" என்றும் சொன்னது.

காலி டப்பாவைப் பார்த்த சிப்பிக்கண்ணுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "என் பொண்ணு ஒரு பருக்கை மீதி வைக்கிறதில்லை!" என்று கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. மகளிடம் தினமும் சாயங்காலம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்.

"டப்பா காலியா?"

"காலி."

"சமத்து!"

அலைமொழியும் பொய் சொல்லவில்லை. டப்பா காலிதானே!

நாளாக ஆக இறால் கொழுத்தது. அலைமொழி மெலிந்தது. ஆனால் நண்டு சங்குக்குள் அல்லவா இருக்கிறது? மெலிந்தது யார் கண்ணில் படும்? ஒருநாள் சிப்பிக்கண்ணு மகளின் சங்கைக் கொடுக்கால் தட்டிப் பார்த்தது. முன்பெல்லாம் தட்டினால் காலிப் பானை போல் டங் டங் என்று கேட்கும். இப்போது தொப் தொப் என்று கேட்டது.

"அடி ஆத்தி! நிறைஞ்சு போச்சு! என் பொண்ணு வளர்ந்துட்டா! உடனே பெரிசா வேற எடுத்தாகணும்!"

உள்ளேயிருந்து சுருளாண்டி ஒரு ஏப்பம் விட்டது.

"பார்த்தியா, வயிறார ஏப்பம் வேற விடுறா!" என்று சிப்பிக்கண்ணு பூரித்துப்போனது.

அந்தச் சமயம் பார்த்து அலை ஒரு பிரமாதமான பெரிய சங்கைக் கரையில் தள்ளிவிட்டுப் போனது. புதுச் சங்கு வந்தால் நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அத்தனை நண்டும் பெரிது முதல் சிறிது வரை வரிசையில் நிற்கும். முன்னால் நிற்கும் பெரிய நண்டு புதுச் சங்குக்குள் தாவும். அது விட்ட சங்குக்குள் அடுத்தது தாவும். அது விட்டதற்குள் அதற்கடுத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாருக்கும் ஒரு சுற்று பெரிய உடுப்பு கிடைத்துவிடும். அந்த ஒரு நொடி மட்டும் எல்லார் பின்பக்கமும் வெட்டவெளியில் இருக்கும். அதனால் வரிசையில் யாரும் தன் இடம் மாறி நிற்கக் கூடாது. மாறினால் யாராவது ஒருவர் சங்கில்லாமல் நிற்க நேரும்.

வரிசையின் தலைப்பில் மலையப்பன் நின்றது. அதுதான் அந்தக் கரையிலேயே பெரிய நண்டு. பின்னால் இன்னும் சிலர். பிறகு சிப்பிக்கண்ணு. அதற்குப் பின்னால் அண்டைவீட்டுக் கொடுக்கையா. அதற்குப் பின்னால் அலைமொழி. அப்புறம் அதன் தோழி தாரகை. வாலில் பொடிசுகள்.

சிப்பிக்கண்ணு திரும்பிப் பார்த்தது. மகளின் கொடுக்கைப் பிடித்து முன்னால் இழுத்தது.

"கொடுக்கையா அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. பிள்ளை எனக்குப் பின்னால நிக்கட்டும். என் சங்கை அவ எடுத்துக்குவா."

"ஏம்மா, உன் சங்கு அவளுக்கு மூணு மடங்கு இருக்குமே?"

"வளர்ற பிள்ளைண்ணே!"

"அம்மா, வேணாம்மா! எல்லாரும் பார்க்கிறாங்க!" என்று அலைமொழி கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

"எதிர்த்துப் பேசாதே!"

"உங்க சங்காத்தமே வேண்டாம். எனக்கு இருக்கிறதே போதும்!" என்று கொடுக்கையா வரிசையைவிட்டு விலகிப்போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

"தயாரா?" என்று மலையப்பன் குரல் கொடுத்தது. "ஜூட்!"

எல்லாரும் தாவினார்கள். மலையப்பன் புதுச் சங்குக்குள். சிப்பிக்கண்ணு முன்னவர் சங்குக்குள். அம்மா இழுத்த அவசரத்தில் சுருளாண்டியையே மறந்துபோன அலைமொழி, அம்மாவின் சங்குக்குள். தாரகை, அலைமொழி விட்ட சங்குக்குள் பின்பக்கத்தை நுழைத்தது.

"ஆள் இருக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தாரகை அலறிக்கொண்டு வெளியே குதித்தது. தன் பழைய சங்கைப் பார்த்தது. அதற்குள் ஒரு பொடிசு ஏறிவிட்டிருந்தது. பொடிசின் சங்கில் இன்னொரு பொடிசு! வெட்டவெளியில், வெறும் முதுகோடு, தாரகை திருதிருவென்று விழித்தது.

படகின் விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதற்கும் குரல் உடைகிற வயது. காகத்துக்குக் குரல் உடைந்தால் யாருக்குத் தெரியும்? அதன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அம்மா தேடிக் கொண்டுவந்து வைத்த எலுமிச்சைச் சாதத்தை ஒதுக்கிவிட்டு, வெளியே ருசியாக ஏதாவது கிடைக்காதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது. தாரகையைக் கண்டதும் அதன் அலகில் நீர் ஊறியது.

"தாரகை, ஓடி வாடி! இங்கே வா!" என்று அலைமொழி கத்தியது. "இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு! ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு!"

தாரகை ஓடிவந்து உள்ளே புகுந்தது. காகம் ஒரு நொடி தாமதம். கோபத்தில் சங்கையே காலால் பற்றிக் கல்லை நோக்கி இழுத்தது. கல்லில் போட்டு உடைத்தால் தீர்ந்தது வேலை.

"ஐயோ, என் பொண்ணு!"

சிப்பிக்கண்ணு ஓடியது. புதுச் சங்கு கனத்தது. ஓட்டம் வரவில்லை. அப்படியே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் முதுகோடு மணலில் பாய்ந்து ஓடியது. தன் பின்பக்கம் திறந்து கிடக்கிற நினைவே அதற்கு இல்லை.

"டேய்! விடுடா அவளை! இன்னும் மதியச் சாப்பாடுகூடச் சாப்பிடல அவ!"

காகம் திரும்பியது. சங்கை உடைக்கிற சிரமமே இல்லாமல் ஒரு பெரிய நண்டு தானாக ஓடிவருகிறது! பற்றியிருந்த சங்கைப் போட்டுவிட்டு அம்மா பக்கம் கழுத்தை நீட்டியது.

அலைமொழி சங்கின் வாயில் வழியாகப் பார்த்தது. ஊரெல்லாம் தன் மானத்தை வாங்கும் அம்மா, துணிமணி இல்லாமல் ஓடிவருகிறாள். முதல்முறையாக அலைமொழிக்கு வெட்கம் வரவில்லை. பயம் வந்தது.

"தாரகை, பிடிடி!"

இரண்டு பேரும் சங்கின் வாயிலிருந்து கொடுக்குகளை நீட்டி, காகத்தின் காலில் ஒன்று, விரலில் ஒன்று, வாலில் ஒன்று, வேறெங்கேயோ ஒன்று என்று நறுக் நறுக்கென்று கவ்வினார்கள். காகம் குனிந்து பார்த்தது. ஒரு சங்கு. அதற்கு நாலு கொடுக்கு. எங்கே பார்த்தாலும் கண்!

"அம்மா! நாலு கொடுக்குப் பேய்!" என்று உடைந்த குரலில் அலறிக்கொண்டு காகம் பறந்தது.

பனைமரத்து உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "வெளிச்சாப்பாடு வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்! வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!"

கரையில் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். சிப்பிக்கண்ணு கழற்றிப் போட்ட சங்குக்குள் மறுபடி புகுந்துகொண்டு, மகளின் கொடுக்கைத் தடவித் தடவிப் பார்த்தது. முதலில் அழுதது. அழுது முடித்ததும் பழைய ஆளாகிவிட்டது.

"பார்த்தியா! லூசா எடுத்ததாலதானே ரெண்டு பேரும் தப்பிச்சீங்க! அம்மா சொன்னா கேட்கணும்!"

அலைமொழி தலையில் கொடுக்கை வைத்துக்கொண்டது.

அப்போது பழைய சங்கு அசைந்தது. அதற்குள்ளிருந்து தொப்பையும் தானுமாக ஓர் இறால் முக்கி முனகி வெளியே வந்தது. கரையே வாய் பிளந்து பார்த்தது.

"அக்கா, மணி ஆச்சே. இன்னிக்குப் பாசித் துவையல் எங்கே?" என்று அது கேட்டது. பிறகு சிப்பிக்கண்ணுவைப் பார்த்துக் கும்பிட்டது. "நீங்கதான் அந்த அம்மாவா? உங்க கைப்பக்குவமே தனிங்க! நான் இந்தச் சங்கை அடைச்சுக்கிட்டு நிக்கிறேன்னா உங்க புண்ணியம்தான்!"

சிப்பிக்கண்ணு இறாலைப் பார்த்தது. மணலில் கிடந்த டப்பாவைப் பார்த்தது. கடைசியில் மகளைப் பார்த்தது.

"அலை, சங்கைவிட்டு வெளியே வா."

அலைமொழி வெளியே வந்தது. எலும்பில்லாத நண்டுக்கே எலும்பு தெரிந்தது. இத்தனை நாளும் விடியலில் பாறை ஏறிக் கிள்ளிய பாசியில் ஒரு வாய்கூட இந்த உடம்பில் ஒட்டவில்லை என்று அம்மா நண்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாள் ஓர் இறாலையா வளர்த்தேன்?

"ஏன்டி சொல்லல?"

"நீ கேட்கல," என்றது அலைமொழி. "டப்பா காலியான்னு கேட்ட. நான் சாப்பிட்டேனான்னு ஒருநாளும் கேட்கலியேம்மா."

சிப்பிக்கண்ணுவுக்கு வாயில் வந்தது "எதிர்த்துப் பேசாதே." அதைச் சிரமப்பட்டு விழுங்கியது. ரொம்பக் கசந்தது, பாசியைவிட.

"சரி. இப்பக் கேட்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும்?"

"பாசி பரவாயில்லை. துவையலா அரைக்காதே. மொறுமொறுன்னு காயவெச்சுக் கொடு. வாரத்தில ஒரு நாள் பஜ்ஜி."

"பஜ்ஜியா?"

"அம்மா!"

"சரி, சரி! உடுப்பு?"

தாரகையும் அலைமொழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பாறைச் சந்தில் அலை ஒதுக்கிப் போட்டிருந்த சங்குக் குவியலில், தாரகைக்கு ஒன்றும் அலைமொழிக்கு ஒன்றுமாகப் பொறுக்கின. அலைமொழியின் சங்கு வரி போட்டது. உடம்புக்கு அளவாக, இறுகாமல் ஆடாமல் உட்கார்ந்தது. அலைமொழி ஒரு சுற்று சுற்றிக் காட்டியது.

சிப்பிக்கண்ணு கொடுக்கைத் தூக்கியது, தட்டிப் பார்ப்பதற்காக. பாதியில் நிறுத்திக் கீழே இறக்கிக்கொண்டது.

"சரியா இருக்கா கண்ணு?" என்று கேட்டது.

"சரியா இருக்கும்மா!"

பெற்றோரே, பிள்ளை சாப்பிட்டதா, வளர்ந்ததா என்பதை டப்பாவையும் சட்டையையும் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிள்ளையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.