உமி மறக்காத பெயர்

முன்னொரு நாளில், வானம் பார்த்த ஒரு மேட்டாங்காட்டில் நீளமான கோழிப் பண்ணை ஒன்று இருந்தது. பண்ணைக்காரர் பெயர் சென்னியப்பன். "மருந்து கலக்காத கோழி" என்று வாசலில் பெரிதாகப் பலகை வைத்திருந்தார்.

ஆனால் குஞ்சுகள் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலக்கிவிடுவார். நோய் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. விற்பனைக்குக் கோழி பிடிக்கப் பத்து நாள் இருக்கும்போது நிறுத்திவிடுவார். கறியைச் சோதித்தவர்களுக்கு ஒரு துளி மருந்தும் அகப்பட்டதில்லை.

தரையில் விரித்த உமிக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

மருந்து முதன்முதலாக வந்த அன்று, உமிக்குள் குடியிருந்த கிருமிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஒன்றே ஒன்று சாகவில்லை.

"நீ மட்டும் எப்படித் தப்பிச்சே?" என்று கேட்டது உமி.

"வந்தவன் பேர் எனக்குத் தெரியும். உடம்புக்குள்ளே எழுதி வெச்சிருக்கேன்" என்றது கிருமி. "பேர் தெரிஞ்சா அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

அது பெருகியது. தன் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. பக்கத்தில் ஊர்ந்த வேறு சாதிக் கிருமிகளுக்கும் படியெடுத்துக் கொடுத்தது. மருந்து நின்ற பிறகும் எந்தக் கிருமியும் அந்தப் பெயரை அழிக்கவில்லை.

"அவன்தான் போயிட்டானே, இன்னும் எதுக்குச் சுமக்கறீங்க?" என்றது உமி.

"வருவான்" என்றன எல்லாம் ஒரே குரலில்.

ஒரு முறை கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, உச்சி வெயிலில் சென்னியப்பன் காலிக் கொட்டகைக்குள் நுழைந்தார். உள்ளே முணுமுணுப்பு. ஐயாயிரம் தொண்டைகள் அடக்கிப் பேசுவது போல. குனிந்து காது கொடுத்தார். அந்த மருந்தின் பெயர். அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

"யாரது?"

"நீங்க வளர்த்ததுங்க."

"என் கோழியெல்லாம் லாரியில போயிருச்சே."

"கோழியைச் சொல்லலீங்க."

சென்னியப்பன் வெளியே ஓடினார். அன்றே ஆட்களை விட்டு உமியை வாரி எரித்தார். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் சத்தம் தண்ணீர்க் குழாய்க்குள் கேட்டது. அதற்கு அடுத்த நாள், சாப்பிட உட்கார்ந்தபோது, தன் உள்ளங்கையில் கேட்டது.

அந்த வாரம் கால்நடைக் கல்லூரியிலிருந்து ஆக்னஸ் என்ற டாக்டரம்மா வந்தார்.

"கறியைப் பார்க்க வரலீங்கய்யா. தரையில சுரண்டிக் கொஞ்சம் எடுத்துக்கறேன். உங்க கையையும் துடைச்சு எடுத்துக்கறேன்."

"மருந்தே இல்லாத இடத்துல எதைத் தேடறீங்க அம்மிணி?"

"மருந்து போயிரும். அதுக்குத் தப்பிச்சதுங்க போகாது. எதுக்குத் தப்பிச்சதுன்னு அதுங்க மரபணுவுல அடையாளம் இருக்கும். அதைத்தான் படிக்கப் போறோம்."

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. தரை, கை, இரண்டுக்கும் நேரே ஒரே மருந்தின் பெயர். சென்னியப்பன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆக்னஸ் போன் செய்து, "முதல்ல பலகையைக் கழட்டுங்க. வீட்டுல சின்னக் குழந்தை ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தபோது இணைப்பைத் துண்டித்தார்.

வீட்டில் குழந்தை இருந்தது. மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு வந்து இருபது நாள் முன்புதான் பெண் பெற்றிருந்தாள். பேத்தி அழுதால் சுண்டுவிரலைச் சப்பக் கொடுத்து அமர்த்துவது தாத்தாதான்.

மூன்றாம் நாள் பேத்தியின் உடம்பு கொதித்தது. பால் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார், எழுதினார், நர்ஸ் ஊசியை நிரப்பினார். அப்போது குழந்தையின் சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து அந்தக் குரல்கள் எழுந்தன. அதே பெயரைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அறையில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த ஊசி வேண்டாங்க!" என்று கத்தினார் சென்னியப்பன். "அது கேக்காதுங்க!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

கோகிலா அப்பாவையே பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நான்தானுங்க அதுகளுக்குப் பழக்கி உட்டேன்."

டாக்டர் படித்தார். சீட்டைக் கிழித்து வேறு மருந்து எழுதினார்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்குள் சென்னியப்பன் பண்ணை ஆட்களுக்குப் போன் செய்து, பலகையைக் கழற்றி, மிச்ச மருந்தை ஆக்னஸிடமே ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். குழந்தை மறுபடியும் கண்ணைத் திறந்து பார்த்தபோது, தன்னை மறந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

கோகிலா குழந்தையைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். அவள் முகத்தில் கோபமில்லை. பயம்தான் இருந்தது.

"வேண்டாம்ப்பா. பார்த்துக்குங்க, போதும்."

சென்னியப்பன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் கைகள் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன.