முயலின் கைகளைப் பார்க்காத குரங்கு

குளத்தங்கரைக் காட்டில் விலங்குகள் ஒரு விமானச் சங்கம் நடத்தின. பனையோலையில் சின்ன விமானம் செய்து, தரையில் நின்றபடி இரண்டு நூல்களால் ஓட்டும். இறக்கை இல்லாத பிறவிகளுக்குத்தான் பறப்பதில் எத்தனை ஆசை!

விமானம் யார் வீட்டிலாவது விழுந்துவிட்டால்? அதற்காகச் சங்கம் எறும்புகளிடம் காப்பீடு செய்திருந்தது. எது உடைந்தாலும் எறும்புகள் கூட்டமாக வந்து சரிசெய்து கொடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை. புதிதாகப் பழகுகிறவர் பக்கத்தில், எறும்புகள் வைக்கும் தேர்வில் தேறிய பயிற்சியாளர் நிற்க வேண்டும். அப்படித் தேறியிருந்தது முள்ளம்பன்றி மட்டும்தான்.

சங்கத்திலேயே நன்றாக விமானம் ஓட்டுவது குரங்கு. அதனால் அதற்குத் தலைக்கனம். எறும்பு வந்து எனக்குத் தேர்வு வைப்பதா என்று கேலி பேசித் திரிந்தது.

ஒரு நாள் முள்ளம்பன்றி வரத் தாமதமானது. புதிதாகப் பழக வந்து, காத்திருந்து சலித்த முயலிடம் குரங்கே நூல்களைக் கொடுத்துவிட்டது. விமானம் எழும்பியது. குரங்கு அண்ணாந்து பார்த்து ரசித்தது. முயலின் கைகள் நடுங்கி நூல்கள் சிக்கியதை அது கவனிக்கவே இல்லை. விமானம் பாய்ந்துபோய்த் தூக்கணாங்குருவியின் கூட்டைக் கிழித்தது. உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. நல்லவேளை, அவை விழவில்லை. ஆனால் கூட்டின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

எறும்புகள் விசாரிக்க வந்தன. அப்போதுதான் வந்து சேர்ந்த முள்ளம்பன்றியின் காதைக் கடித்தது குரங்கு.

"அண்ணே, நீங்க பக்கத்துல நின்னதா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கூடு சரியாயிடும்."

முள்ளம்பன்றி கூட்டைப் பார்த்தது. அதற்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொன்னது:

"இன்னிக்குப் பொய் சொன்னா, நாளைக்கு யார் கூடு கிழிஞ்சாலும் எறும்புங்க நம்மை நம்பி வராதுப்பா."

தூக்கணாங்குருவி அழுதேவிட்டது. "யார் நின்னா எனக்கென்ன? மழைக்குள்ள என் முட்டைங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க."

குரங்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நான்தான் நின்னேன். பொறுப்பு என்னுது" என்றது. அப்படியானால் காப்பீடு செல்லாது என்று எறும்புத் தலைவி வருத்தத்தோடு சொன்னாள். குரங்கு வாதாடவில்லை. மரத்தில் ஏறி, கிழிந்த கூட்டுக்கு அடியில் இரண்டு கைகளையும் ஏந்தி உட்கார்ந்தது. முயல் புல்லைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, குருவி பின்னியது. மழை கொட்டித் தீர்த்தது. குரங்கு நனைந்து நடுங்கியதே தவிர, கையை எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கூட்டுக்குப் புது அடி வந்துவிட்டது.

மறுநாளே குரங்கு தேர்வுக்குப் போனது. அங்கேயும் பழக்கதோஷத்தில் விமானத்தையே அண்ணாந்து பார்த்துத் தோற்றது! விமானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பழகுகிறவர் கையைப் பார்க்கும்படி எறும்புகள் சொல்லி அனுப்பின. அடுத்த வாரம் அது தேறிவிட்டது.

சேதி கேட்டுத் தூக்கணாங்குருவி பறந்து வந்தது. "நீ பக்கத்துல நின்னா, புதுசா பழகறவங்க என் மரத்துப் பக்கமே விமானம் விடட்டும். எனக்குப் பயமில்லை" என்றது.

நன்றாகச் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. அடுத்தவர் செய்யும் தவறுக்கும் பொறுப்பேற்கத் தயாரானவரே கற்றுக்கொடுக்கத் தகுந்தவர்.