மைதானத்துக்கு அடியில் ஒரு வாசல்

மேடையில் உட்கார்ந்திருந்தவரே, உமக்குத் தெரியும். யானை ஒரு காலைத் தூக்கியபடி நின்று உம் முகத்தைப் பார்த்தது. நீர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தீர். பிறகு "நட" என்றீர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கதை.

நீர் எந்த மிருகம் என்று கதை சொல்லாது. புலி என்று சொன்னால் கரடி தப்பித்துக்கொள்ளும். கரடி என்று சொன்னால் புலி நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். யாருக்கும் அந்த வசதி வேண்டாம். மேடைக்காரர் என்றே இருக்கட்டும்.

நடந்தது மருதங்காட்டில். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சுற்றியுள்ள காடுகள் எல்லாம் கூடிக் கால்பந்து ஆடுவது வழக்கம். காட்டுக்கு ஓர் அணி. மூங்கில்காட்டிலிருந்து காட்டெருமைகள் வரும். பாறைக்காட்டிலிருந்து வரையாடுகள் வரும். சதுப்புக்காட்டிலிருந்து நீர்நாய்கள் வரும். ஒவ்வோர் அணியும் தன் காட்டு இலையை வாயில் கவ்விக்கொண்டு ஊர்வலமாக வரும். பந்தைத் தூக்கணாங்குருவிகள் பின்னிக் கொடுக்கும். நன்றாக ஆடத் தெரிந்த மிருகத்துக்கு அந்த நாட்களில் ராஜ மரியாதை.

அந்த வருஷம் போட்டியை நடத்துகிற முறை மருதங்காட்டுக்கு வந்தது. ஆனால் அங்கிருந்த மைதானம் பள்ளத்தில் இருந்தது. ஒரு தூறல் போட்டாலும் தண்ணீர் கட்டிக்கொள்ளும். அடியில் வடிகால் தோண்டினால்தான் ஆட்டம் நடக்கும். மருதங்காட்டுப் பன்றிகளுக்குத் தோண்டத் தெரியும். ஆனால் அவைதான் அந்தக் காட்டின் அணி. ஆட்டக்காரர்கள் மூக்கில் மண் ஒட்டக்கூடாது என்று சொல்லிவிட்டன.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல். முள்ளும் சரளையும்தான். அங்கே பெருச்சாளிகள் இருந்தன. பொட்டலுக்கு அணி கிடையாது. மரம் இல்லாத இடத்தைக் காடு என்று சேர்த்துக்கொள்ள முடியாது என்று எப்போதோ தள்ளிவைத்துவிட்டார்கள். ஆடுவதற்கு ஆகாதவர்கள், தோண்டுவதற்கு மட்டும் ஆனார்கள்.

பெருச்சாளிகளுக்காகப் பேச வந்தவள் வேம்பி. தாயைப் பாம்பிடமும், வால் நுனியைப் பொறியிலும் பறிகொடுத்து வளர்ந்தவள். யாரும் எதையும் சும்மா தரமாட்டார்கள் என்பது அவளுக்குப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரியும். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில். பேரம் என்று உட்கார்ந்தால் மட்டும் அந்தக் கோபத்தை மடியில் முடிந்து வைத்துக்கொள்வாள். வேண்டிய நேரத்தில் கொஞ்சம் அவிழ்ப்பாள்.

மேடைக்காரர் முதலில், ஆட்டம் முடிந்ததும் விருந்தில் மிஞ்சுகிற பழம் எல்லாம் உங்களுக்கு என்றார். வேம்பி எழுந்தாள். திரும்பி நடந்தாள். ஆற்றங்கரைவரை போனபிறகு கூப்பிட்டார்கள். சரி, கிழங்குத் தோப்பில் ஓர் ஓரத்தைத் தருகிறோம், குடியிருந்துகொள்ளுங்கள் என்றார்கள். வேம்பி வந்து உட்கார்ந்தாள். ஓரம் வேண்டாம், ஓடைக்கரை முழுக்க வேண்டும் என்றாள். மேடைக்காரர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

"அது சரி, நீங்க தோண்டிப் போட்ட பொந்தெல்லாம் மைதானத்துல வாயைப் பிளந்துகிட்டுக் கிடக்குமே. பந்து உள்ளே விழுந்தா வெளிக்காட்டுக்காரன் சிரிப்பானே" என்றார் மேடைக்காரர்.

அந்த இடத்தில்தான் வேம்பி தன் கையிலிருந்த பெரிய சரக்கை எடுத்து வைத்தாள்.

"எங்க வாசலை நீங்க பார்த்திருக்கீங்களா ஐயா? பகல்ல உள்ளே இருந்து மண்ணை வச்சு அடைச்சிட்டுத்தான் படுப்போம். மேலே புல்லையும் இழுத்து விட்டுருவோம். நீங்க மேலே ஆடலாம், பாடலாம். கீழே ஆள் இருக்கிறதே தெரியாது."

மேடைக்காரர் முகம் மலர்ந்தது. ஓடைக்கரை முழுக்கவும் தருவதாகச் சொன்னார். ஆட்டங்கள் முடிகிறவரை பெருச்சாளிகள் கீழேயே இருந்து வடிகாலைப் பார்த்துக்கொள்வது என்று பேச்சாயிற்று. வேம்பி இன்னும் ஒன்று கேட்டாள். நாங்கள் கீழே இருக்கிறவரை மைதானத்தில் யானை ஏறக்கூடாது என்றாள். அதற்கென்ன, ஆகட்டும் என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் சந்தேகப்பட வேண்டும். ஜெயித்த குஷியில் வேம்பிக்கு அது உறைக்கவில்லை.

அவளுடைய தம்பி துவரனுக்கு உறைத்தது. அவனுக்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன, இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"அக்கா, வாசல் எங்கெங்கே இருக்குன்னு அவங்க ஆளு ஒருத்தருக்காவது காட்டி வச்சிருவோம்" என்றான்.

"காட்டினா அதுக்கும் ஒரு குறை சொல்லிக் கரையில பாதியைக் குறைப்பான். தெரியாம இருக்கிறதுதாண்டா நம்ம சரக்கு" என்றாள் வேம்பி.

பெருச்சாளிகள் குடும்பத்தோடு வந்து தோண்டின. மைதானத்துக்கு அடியில் கிளை கிளையாக வடிகால் போயிற்று. வடிகாலுக்கு மேல் மேடாக வளை வெட்டி அதிலேயே குடியிருந்தன. மழை பெய்தது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி ஓடைக்குப் போனது. புல் பச்சைப் பசேலென்று வந்தது. வெளிக்காட்டு விருந்தாளிகள் புல்லை முகர்ந்து பார்த்து, இப்படி ஒரு மைதானம் கண்டதில்லை என்று மேடைக்காரரைப் பாராட்டினார்கள். அவர் தலையைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டார்.

பெருச்சாளிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே போனவர் திரும்பி வந்தால் வாசலில் நின்று பல்லை நறநறவென்று கடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் உள்ளே இருப்பவர்கள் மண்ணைத் தள்ளித் திறப்பார்கள். வெறும் பிறாண்டல் கேட்டால் பாம்போ உடும்போ வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே குட்டிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, எல்லோரும் சேர்ந்து இன்னும் மண்ணை அடைப்பார்கள். இந்தப் பழக்கத்தால் பிழைத்த கூட்டம் அது.

இறுதி ஆட்டத்துக்கு மருதங்காடும் மூங்கில்காடும் வந்து நின்றன. முந்தின ஆட்டங்களில் பன்றிக் குளம்பும் எருமைக் குளம்பும் பட்டு மைதானம் மேடும் குழியுமாகக் கிடந்தது. அன்று காலையில் வேம்பி, தருவதாகச் சொன்ன ஓடைக்கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று மேலே வந்திருந்தாள். அவள் வெளியேறியதும் துவரன் உள்ளேயிருந்து வாசலை அடைத்துக்கொண்டான். கரையைப் பார்த்தாள். ஈர மண். காலை வைத்தால் கிழங்கு தட்டுப்பட்டது. எந்த மூலையில் யாருக்கு வளை என்று மனசுக்குள் பிரித்துக் கொடுத்துக்கொண்டே திரும்பினாள்.

திரும்பினால், மைதானத்து முனையில் யானைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொடியால் கட்டிய பெரிய மரக்கட்டை. இழுத்துக்கொண்டு நடந்தால் மண் சமமாகிவிடும். அதுதான் ஏற்பாடு.

வேம்பி மேடைக்கு ஓடினாள். சுற்றிலும் நாலு காட்டு மிருகங்கள். மரங்கொத்திகள் பட்டுப்போன மரங்களைத் தட்டிக்கொண்டிருந்தன. மந்திகள் கிளைகளை உலுக்கிக் கூச்சல் போட்டன.

"ஐயா, ஆனை ஏறாதுன்னு சொன்னீங்க. உள்ளே எங்க ஆளுங்க படுத்திருக்காங்க" என்றாள்.

"இன்னுமா இருக்காங்க? தோண்டின வேலைதான் முடிஞ்சுதே" என்றார் மேடைக்காரர்.

"ஆட்டம் முடியறவரைக்கும் அங்கேதான் இருப்போம்னு பேச்சு."

"எங்கே இருக்காங்க, வாசலைக் காட்டு."

வேம்பி ஓடிப்போய்க் காட்டினாள். அங்கே வாசல் இல்லை. புல் இருந்தது. பக்கத்தில் காட்டினாள். அங்கேயும் புல். அவளே சொல்லிக் கொடுத்த நேர்த்தி அது, ஓர் இணுக்குகூடப் பிசகாமல் செய்திருந்தார்கள். கூட்டத்தில் ஒரு மந்தி, பொட்டலுக்கும் ஓர் அணி வந்துவிட்டது, ஆட்டக்காரிதான் ஒருத்தியாக வந்திருக்கிறாள் என்று கத்தியது. நாலு காடும் சிரித்தது.

வேம்பி தான் காலையில் வெளியேறிய இடத்துப் புல்லில் வாயை வைத்துப் பல்லைக் கடித்தாள். மரங்கொத்தித் தாளத்தில் அந்தச் சத்தம் அவள் காதுக்கே கேட்கவில்லை. பொறுமை போயிற்று. நகம் பிய்ய மண்ணைப் பிறாண்டினாள். கொஞ்சம் மண் வந்தது. உள்ளேயிருந்து அதைவிட அதிகமாக மண் வந்து அடைந்தது. அவள் பிறாண்டப் பிறாண்ட உள்ளே இறுகியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துவரன் தன் குட்டிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, தன் அக்காவுக்கு எதிராக வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் யானை கிளம்பிவிட்டது. அது ஒரு கிழட்டுப் பெண் யானை. மைதானத்தின் கால்வாசி வந்ததும் நின்றது. முன்னங்காலைத் தூக்கியது, வைக்கவில்லை.

"அடியில ஏதோ அசையுது. ஒண்ணு ரெண்டு இல்லை. நிறைய உசிரு" என்றது.

இதைக் கூட்டம் கேட்கவில்லை. மேடைக்காரர் கேட்டார். வேம்பியும் கேட்டாள். அவள் மேடையைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிக் கும்பிட்டவள் இல்லை. கரை வேண்டாம், ஓரம்கூட வேண்டாம், மிச்சப் பழமும் வேண்டாம் என்றாள். விலையைக் குறைத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள்.

மூங்கில்காட்டுத் தலைவர் கொட்டாவி விட்டபடி, இன்னும் எவ்வளவு நேரம் என்று விசாரித்தார். மேடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார்.

"நட" என்றார்.

யானை நடந்தது. அதன் பின்னால் மரக்கட்டை உருண்டது. மற்ற யானைகளும் வந்தன. நிலம் பெரிதாக ஒன்றும் இடிந்துவிடவில்லை. ஒரு பெருமூச்சு விட்டதுபோல லேசாக அமுங்கியது, அவ்வளவுதான். மைதானத்துக் காவல்நாய்கள் வேம்பியைக் காலால் எற்றி ஓரமாகத் தள்ளியிருந்தன. அங்கே கிடந்தபடியே அவள் காதை மண்ணில் வைத்துக் கேட்டாள். முதல் யானை போனபிறகு கொஞ்சம் கேட்டது. கடைசி யானை போனபிறகு கேட்கவில்லை.

ஆட்டம் நடந்தது. நல்ல ஆட்டம் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். கடைசிவரை ஆளுக்கொரு கோல். முடிகிற நேரத்தில் மருதங்காட்டுப் பன்றி ஒன்று பந்தை ஓங்கி உதைத்தது. பந்து எல்லாரையும் தாண்டி, கோல் கம்பத்தை நோக்கி உருண்டது. தடுக்க ஆளில்லை. மருதங்காடே எழுந்து நின்றது. அப்போது பந்து ஓரிடத்தில் மெதுவாக இறங்கி நின்றுவிட்டது. அங்கே மண் அமுங்கி ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. துவரனுடைய வாசல் இருந்த இடம். நின்ற பந்தை மூங்கில்காட்டு எருமை எடுத்துக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கத்தில் கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

மைதானத்தைக் கெடுத்தது யார் என்று மருதங்காடு கொதித்தது. மேடைக்காரர் எழுந்து நின்று, பொட்டலிலிருந்து வந்த பெருச்சாளிகளின் அரைகுறை வேலை, நம்பி மோசம்போனோம் என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

எல்லோரும் கலைந்தபிறகு வேம்பி தோண்டினாள். கிழட்டு யானை மட்டும் போகாமல் நின்றிருந்தது. அதுவும் துதிக்கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டது. வாசல் மண் கல்லாக இறுகி இருந்தது. அதன் பின்னால் துவரன், இரண்டு கையிலும் மண்ணோடு, முட்டுக் கொடுத்தபடியே இருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி குட்டிகளின் மேல் குடையாக வளைந்து கிடந்தாள். குட்டிகளின் கண்கள் திறக்கவே இல்லை. ஓடைப்பக்கக் கிளையில் இருந்த சில பெருச்சாளிகள் மட்டும் வடிகால் வழியாகத் தப்பி வெளியே வந்தன. மற்றவை கிடந்த கிளைகளைத் தோண்டுவதற்குள் காவல்நாய்கள் வந்து, மைதானத்தைச் சேதப்படுத்தக்கூடாது என்று அவளை விரட்டின.

மறுநாள் மேடைக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். குரலில் தேன் ஒழுகியது. ஓடைக்கரையோடு கிழங்குத் தோப்பு முழுவதையுமே எடுத்துக்கொள் என்றார். வருகிற வருஷம் பொட்டலுக்கும் ஓர் அணி சேர்த்துவிடலாம் என்றார். யானை சொன்னதை நீயும் நானும் மறந்துவிடுவோம் என்றார்.

வேம்பி அப்படிப்பட்ட பேரத்துக்காகவே பிறந்தவள். அன்றைக்கு அவள் விலை பேசவில்லை.

"மூடி வைக்கிறது நல்ல சரக்குன்னு உமக்கு நான்தான் வித்தேன். அந்தப் பாவம் எனக்கு இருக்கு, அதை நான் சுமக்கிறேன். உம்ம பங்கை நீர் எடுத்துக்கும். இத்தனை காடும் கேக்கிற மாதிரி, அடியில உசிரு இருக்குன்னு தெரிஞ்சுதான் நடக்கச் சொன்னேன்னு சொல்லும். அப்புறம் மைதானத்தைத் தோண்டி எங்க ஆளுங்களை வெளியே எடுத்துக் குடும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

மேடைக்காரர் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. வேம்பி தினமும் போய் அந்தக் குழியில் உட்காருகிறாள். காவல்நாய்கள் விரட்டினால் எழுந்து போய், திரும்ப வந்து உட்காருகிறாள். இந்த வருஷமும் இலைகளைக் கவ்விக்கொண்டு அணிகள் வரப்போகின்றன. அந்த இடத்தில் புல் மற்ற இடத்தைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது. வெட்டிச் சமப்படுத்தச் சொல்லியிருக்கிறீராம்.

காலுக்கடியில் உயிர் இருக்கிறது என்று தெரிந்தபிறகு எடுத்துவைக்கிற அடி விபத்து அல்ல, கொலை. ஆகவே மேடைக்காரரே, இப்போதாவது கீழே இறங்கி வாரும், உண்மையைச் சொல்லும், அந்த மைதானத்தை உம் கையாலேயே தோண்டும்.